நீல் பியர்ட் போனபோது ரசிகர்கள் ஏன் அப்படி அழுதார்கள்

2020 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. கனடாவின் ரஷ் பேண்டில் டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் இறந்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. உண்மையில் அவர் இறந்தது மூன்று நாள் முன்பே, செவ்வாய்க்கிழமை, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிக்காவில். வயது 67. கிளியோபிளாஸ்டோமா என்கிற மூளைப் புற்றுநோயோடு மூன்றரை வருடம் போராடினார் என்று பேண்டின் அறிக்கை சொன்னது. அந்த மூன்றரை வருடம் என்ற இடத்தில்தான் பலரும் அப்படியே நின்றுவிட்டார்கள், ஏனென்றால் ரசிகர்களுக்கு இது எதுவுமே தெரியாது. உடம்பு சரியில்லை என்று ஒரு செய்தி, நிலைமை மோசம் என்று இன்னொரு செய்தி, அப்புறம் சாவுச் செய்தி என்று வரிசையாக வந்திருந்தால் மனசு கொஞ்சமாவது தயாராகியிருக்கும். இங்கே வந்ததே ஒரே ஒரு செய்திதான்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருத்தருக்காக இப்படியா என்று வீட்டில் கேட்டார்கள், அது நியாயமான கேள்விதான், எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் இது இன்னும் விசித்திரம். பியர்ட் ரசிகர்களோடு பழகியவரே இல்லை. நிகழ்ச்சிக்கு முன் ரசிகர்களைச் சந்தித்துக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை மற்ற இரண்டு பேரும், அதாவது பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான கெடி லீயும், கிட்டார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனும்தான் பார்த்துக்கொள்வார்கள். இவர் வரமாட்டார். கடைசி வாசிப்பு முடிந்ததும் பல நாட்கள் நேராகப் பேருந்தில் ஏறிக் கிளம்பிவிடுவார், பஸ்ஸின் பின்னால் இழுத்து வரும் டிரெய்லரில் இருக்கும் மோட்டார் சைக்கிளில் மறுநாள் காலை அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இப்படி ஒதுங்கியே இருந்த மனிதருக்காக, சொந்த அண்ணன் போன மாதிரி அவ்வளவு பேர் அழுதது ஏன்?

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். 1952 செப்டம்பர் 12 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டனில் பிறந்தவர். வளர்ந்தது செயின்ட் கேத்தரின்ஸ் ஊரின் போர்ட் டால்ஹவுசி பகுதியில், ஒன்டாரியோ ஏரிக்கரையில். அப்பா விவசாய இயந்திரங்கள் விற்கும் தொழிலில் இருந்தார். பையன் குச்சியை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் தட்டுகிறான் என்று பார்த்து, பதின்மூன்றாவது பிறந்த நாளுக்கு ஒரு ஜோடி டிரம்ஸ் குச்சிகளும் பயிற்சிப் பலகையும் வாங்கிக் கொடுத்து வகுப்பிலும் சேர்த்தார்கள், ஒரு வருடம் விடாமல் கற்றுக்கொண்டால்தான் நிஜ டிரம்ஸ் என்ற நிபந்தனையோடு. பையன் விடவில்லை, பதினான்காவது பிறந்த நாளுக்கு டிரம்ஸ் வந்தது. பதினெட்டு வயதில் லண்டனுக்குப் போய் இசையில் பிழைக்கப் பார்த்தார், கார்னபி தெருவில் நகை, அலங்காரச் சாமான் விற்கும் கடையில் வேலை பார்த்ததுதான் மிச்சம், ஒன்றரை வருடத்தில் ஊர் திரும்பி அப்பாவின் நிறுவனத்தில் டிராக்டர் உதிரி பாகங்கள் விற்றுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ரஷ் பேண்டுக்கு ஒரு நெருக்கடி. முதல் ஆல்பம் வந்துவிட்டது, கிளீவ்லாந்து வானொலியில் ஒரு பாட்டு பிரபலமாகிவிட்டது, அமெரிக்கப் பயணத்துக்கு இரண்டே வாரம் இருக்கிறது, அப்போது பார்த்து டிரம்மர் ஜான் ரட்ஸி உடல்நிலை காரணமாக விலகுகிறார். தேர்வுக்கு வந்தவர்களில் பியர்ட் ஓட்டை காரில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். லைஃப்சனுக்கு ஆளைப் பார்த்தால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வாசிக்கக் கேட்ட லீ அசந்துபோனார். 1974 ஜூலை 29 அன்று பேண்டில் சேர்ந்தார், ஆகஸ்ட் 14 அன்று பிட்ஸ்பர்க்கில் பதினோராயிரம் பேருக்கு முன்னால் முதல் மேடை. அதற்குப் பிறகு 2015 வரை அந்த மூன்று பேர்தான், நாற்பத்தொரு வருடம் ஆள் மாறவில்லை. ராக் உலகத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று பேண்டுகள் உடையும் கதைகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது ரஷ் வாசித்த பிராக்ரஸிவ் ராக் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் துக்கத்தின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது. 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிங் கிரிம்சன், யெஸ், ஜெனசிஸ் போன்ற பேண்டுகள் மூன்று நிமிடப் பாட்டு என்ற அளவை உடைத்து, பத்து இருபது நிமிடம் ஓடும், உள்ளுக்குள் பல பகுதிகளாக மாறிக்கொண்டே போகும் இசையைச் செய்யத் தொடங்கின. சாதாரண ராக் பாட்டில் தாளம் நான்கு நான்காகப் போகும். இவர்கள் ஐந்து, ஏழு, பதினொன்று என்று போவார்கள், ஒரே பாட்டுக்குள் இரண்டு மூன்று முறை கணக்கு மாறும். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிய புதிராக இருக்காது. மிஸ்ர சாபுவில் தகிட தகதிமி என்று ஏழு போடுவோமே, அந்த மாதிரி ஏழுதான். மேற்கத்திய ராக் காதுக்கு அது அந்நியமாக இருந்தது, அந்த அந்நியம்தான் இந்த இசையின் ருசி.

ரஷ் இதைக் கனடாவிலிருந்து, மூன்றே பேரை வைத்துக்கொண்டு, ஹார்ட் ராக் வேகத்தோடு செய்தார்கள். பியர்ட் வாசிப்பைப் பற்றி ஒரு உதாரணம் சொல்கிறேன். டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு ஒய் ஒய் இசட். அந்த எழுத்துகளை மோர்ஸ் தந்தி முறையில் விமானங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒய் என்றால் கோடு, புள்ளி, கோடு, கோடு. இசட் என்றால் கோடு, கோடு, புள்ளி, புள்ளி. கோட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று எண்ணுங்கள்: ஒய் ஏழு, இன்னொரு ஒய் ஏழு, இசட் ஆறு, மொத்தம் இருபது. ஊருக்குத் திரும்பும் விமானத்தில் கேட்கும் இந்தத் தந்திச் சத்தத்தை அப்படியே தாளமாக்கி, 1981இல் வந்த மூவிங் பிக்சர்ஸ் ஆல்பத்தில் அதே பெயரில் ஒரு வாத்திய இசையின் தொடக்கமாக வைத்தார்கள். கையால் தட்டிப் பாருங்கள், தக த தக தக, தக த தக தக, தக தக த த. சொல்லும்போது எளிது. பேஸும் கிட்டாரும் மேலே ஏறிய பிறகும் அந்தக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம், கல்லூரி விடுதியில் ஸ்டீல் தட்டில் பென்சிலால் அடித்து அடித்து அது எனக்குப் பிடிபட ஒரு செமஸ்டர் ஆயிற்று.

இங்கேதான் ரசிகர்கள் வருகிறார்கள். பல ராக் டிரம்மர்கள் மேடையில் அன்றைக்குத் தோன்றியதை வாசிப்பார்கள். பியர்ட் தன் பகுதியை ஒரு பாடல் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு அடியாகக் கோத்து முடிவு செய்வார், அப்புறம் அதே வரிசையைத்தான் ஒவ்வொரு இரவும் வாசிப்பார், ரசிகர்கள் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் கேட்பவர்களுக்கு அது மனப்பாடம் ஆனது. டாம் சாயர் பாட்டின் நடுவில் ஏழு எண்ணிக்கையில் ஒரு கிட்டார் பகுதி வரும், அது முடியும் இடத்தில் டிரம்ஸ் மட்டும் உருண்டு ஓடும் சில நொடிகள் உண்டு. அந்த இடம் வந்தால் அரங்கத்தில் இருக்கும் பல்லாயிரம் பேர் காற்றில் கையை வீசி அதே அடிகளை அதே வரிசையில் அடிப்பார்கள், கணக்காளர், லாரி ஓட்டுநர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும். வெளியிலிருந்து பார்த்தால் என்ன செய்கிறார்கள் என்றே புரியாது. பாடகரின் குரல் காதில் தங்கும், டிரம்மரின் வாசிப்பு தோளிலும் மணிக்கட்டிலும் போய் உட்கார்ந்துவிடும், முப்பது வருடம் ஒருவருடைய கையசைவை உங்கள் உடம்பில் வைத்திருந்துவிட்டு அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்படுவது மற்ற நட்சத்திர மரணங்களைப் போல இருக்காது. 2002 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவின் மரகானா மைதானத்தில் சுமார் 40,000 பேர் கூடியபோது, வார்த்தையே இல்லாத அந்த ஒய் ஒய் இசட் இசையைக் கூட்டமே சேர்ந்து வாயால் பாடியது. பதிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். எனக்கு இன்றும் அந்த இடத்தில் சிலிர்க்கும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமர்சகர்கள் ரஷ்ஷை பல வருடம் மதிக்கவே இல்லை. குரல் கீச்சுக்குரல், பாட்டு நீளம், அறிவியல் புனைகதை மாதிரி வரிகள் என்று கேலி செய்தார்கள். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் 2013இல்தான் இடம் கொடுத்தார்கள், தகுதி வந்து பல வருடம் கழித்து. டிரம்மர்களின் பத்திரிகையான மாடர்ன் டிரம்மர் 1983லேயே பியர்ட்டைத் தன் கௌரவப் பட்டியலில் சேர்த்திருந்தது, கனடா அரசும் 1996இல் மூவருக்கும் ஆர்டர் ஆஃப் கனடா விருது கொடுத்துவிட்டது, ஒரு ராக் பேண்டுக்கு மொத்தமாக அது கிடைத்தது அதுவே முதல் முறை. இப்படி வெளியில் மதிப்பில்லாத ஒன்றை ரசிகர்கள் தாங்களே பொத்திப் பொத்தி வைத்து வளர்த்ததால் அவர்களுக்குள் ஒரு பங்காளி உறவு வந்துவிட்டது. ரஷ் சட்டை போட்ட ஒருவரை ரயிலில் பார்த்தால் பேசாமல் இறங்க முடியாது.

ஆனால் பியர்ட்டை மற்ற எல்லா டிரம்மர்களிடமிருந்தும் பிரிக்கும் விஷயம் இதுவும் இல்லை. ரஷ் பாட்டு வரிகளை எழுதியவரும் அவர்தான். சேர்ந்த புதிதில், இவன் எப்போது பார்த்தாலும் புத்தகமும் கையுமாக இருக்கிறானே, இவனே எழுதட்டும் என்று மற்ற இருவரும் அந்த வேலையைத் தள்ளிவிட்டார்கள், அது அவருக்கே நிலைத்தது. ஆரம்பத்தில், தனிமனிதனே பெரிது என்று வாதிட்ட எழுத்தாளர் அய்ன் ராண்டின் பாதிப்பு பலமாக இருந்தது, 1976இல் வந்த 2112 ஆல்பத்தில் அவருக்கு நன்றியே சொல்லியிருப்பார், அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு, பிறகு அதிலிருந்து விலகி வந்துவிட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது பிற்கால வரிகள்தான். லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். முகாமிலிருந்து விடுதலையான நாளில், வெளியே வேறு மனிதர்கள் யாராவது உயிரோடு மிஞ்சியிருப்பார்கள் என்றே நம்பாமல் நின்றதாக லீயின் அம்மா சொன்னதை, பியர்ட் 1984இல் ஒரு பாட்டாக எழுதிக் கொடுத்தார். நண்பனின் அம்மாவுடைய துக்கத்தை எழுதி, அதை அந்த நண்பனையே பாடவைத்தார்.

ரசிகர்களிடமிருந்து ஏன் ஒதுங்கினார் என்பதற்கும் பதிலை அவர் பாட்டிலேயே எழுதிவைத்திருந்தார். 1981இல் வந்த லைம்லைட் பாட்டில், முன்பின் தெரியாத ஒருவரை வெகுநாள் காத்திருந்த நண்பன் போலப் பாவித்து நடிக்க என்னால் ஆகாது என்கிறார். எங்களில் பலர் அதைப் பதினெட்டு இருபது வயதில் கேட்டோம், எங்களைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தெரிந்தே கேட்டோம், கோபம் வரவில்லை, கூச்ச சுபாவம் உள்ள ஒரு மனிதர் பொய் சொல்லாமல் இருக்கிறார் என்றுதான் பட்டது. எங்களில் முக்கால்வாசிப் பேர் கூட்டத்தில் பேச வராதவர்கள்தானே.

இனி 1997. ஆகஸ்ட் 10 அன்று பியர்ட்டுக்கு அப்போது இருந்த ஒரே மகள் செலினா பல்கலைக்கழகப் படிப்புக்காக டொராண்டோவுக்குக் காரில் போகும்போது நெடுஞ்சாலை விபத்தில் இறந்தாள். பத்தொன்பது வயது. பத்து மாதம் கழித்து, 1998 ஜூன் 20 அன்று, மனைவி ஜாக்குலின் புற்றுநோயில் போனார். மகள் போன துக்கத்தில் உடைந்துதான் ஜாக்குலின் போனார் என்று பியர்ட் நம்பினார். பேண்டில் மற்ற இருவரிடமும், நான் ஓய்வுபெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அவர்கள் வற்புறுத்தவில்லை.

அந்த ஆகஸ்டில் கியூபெக் ஏரிக்கரை வீட்டிலிருந்து பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். எங்கே என்று திட்டமில்லை. அலாஸ்கா, கனடாவின் வடக்கு, அமெரிக்காவின் மேற்கு, மெக்சிகோ, பெலீஸ் என்று பதினான்கு மாதத்தில் 88,000 கிலோமீட்டர். தனக்குள் கைக்குழந்தை மாதிரி ஒரு சின்ன உயிர் மட்டும் மிச்சம் இருக்கிறது, அழும் குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டுவது போல அதை வண்டியின் ஓட்டத்தில் வைத்து ஆட்டிக்கொண்டே போகிறேன் என்ற பொருளில் பின்னால் எழுதினார். 2002இல் வந்த கோஸ்ட் ரைடர் என்ற அந்தப் பயணப் புத்தகம் ஆறுதல் சொல்லும் புத்தகம் இல்லை. கோபம் இருக்கிறது, சிரித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து எரிச்சல் இருக்கிறது, நான் மட்டும் ஏன் உயிரோடிருக்கிறேன் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எந்த மதமும் தத்துவமும் கடைசியில் வந்து கைகொடுக்கவில்லை. ஒரு நாள் ஓட்டுகிறார், இரவு தங்குகிறார், பறவைகளைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்கிறார், மறுநாள் மறுபடி ஓட்டுகிறார்.

என் அப்பா இறந்து மூன்றாம் மாதம் அதைப் படித்தேன். வந்தவர்கள் எல்லோரும் காலம் ஆற்றிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இந்தப் புத்தகத்தில்தான் ஒருத்தர், ஆறவில்லை, ஆனாலும் இன்றைக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டினேன் என்ற மாதிரி எழுதியிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. குழந்தையை இழந்தவர்கள், துணையை இழந்தவர்கள் என்று ரஷ்ஷின் ஒரு பாட்டைக்கூடக் கேட்காத எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். 2020இல் அழுதவர்களில் ஒரு பெரிய பங்கு இவர்கள் என்று நினைக்கிறேன்: எப்படி அழுவது என்பதை அவரிடமே கற்றுக்கொண்டவர்கள்.

அவர் திரும்பி வந்தார். 2000இல் புகைப்படக் கலைஞர் கேரி நட்டலைத் திருமணம் செய்துகொண்டார், அப்புறம் ஒருநாள் வாசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். 2002இல் வந்த வேப்பர் டிரெயில்ஸ் ஆல்பத்தைப் போட்டால் முதலில் கேட்கும் சத்தமே டிரம்ஸ்தான், வேறு வாத்தியம் எதுவும் சேர்வதற்கு முன்னால் அவர் மட்டும் இரண்டு காலாலும் இடிக்கிறார். ஆறு வருடம் கழித்து வரும் ஆல்பத்தை மற்ற இருவரும் அவர் கையில் கொடுத்துத் தொடங்கவைத்த விதம் அது. அந்த ஜூன் 28 அன்று ஹார்ட்ஃபோர்ட் நகரில் மறுபடி மேடை ஏறினார்கள், அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் அழுததைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

அடுத்த பதின்மூன்று வருடத்தை நான் வேகமாகக் கடக்கிறேன், ஆல்பங்கள், பயணங்கள், 2009இல் ஒலிவியா என்ற மகள் பிறந்தது எல்லாம் அதில் அடக்கம். ஒன்றை மட்டும் விட மனசில்லை. பேரும் புகழும் உச்சத்தில் இருந்த 1994இல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஃப்ரெடி க்ரூபர் என்ற வயதான ஜாஸ் ஆசிரியரிடம் போய், குச்சி பிடிக்கும் முறையிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் புதிதாகக் கற்றுக்கொண்டவர் அவர். புரொஃபசர் என்று ரசிகர்கள் அழைத்தது அவரைத்தான், அவரோ மாணவராகவே இருந்தார்.

2015இல் நாற்பதாண்டு நிறைவுப் பயணம். நிகழ்ச்சியைப் புதிய பாட்டில் தொடங்கிப் பழைய பாட்டை நோக்கிப் பின்னோக்கி அமைத்திருந்தார்கள். பாட்டுக்குப் பாட்டு மேடை அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி மேல் ஸ்பீக்கரை வைத்து வாசிக்கும் மூன்று பையன்கள் மாதிரி நிற்பார்கள். முதல் ஆல்பத்தில் வந்த, பியர்ட் பதிவில் வாசிக்காத, அந்த கிளீவ்லாந்து பாட்டில்தான் முடிப்பார்கள். ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் கடைசி நிகழ்ச்சி. தோள் வலியும் தசைநார் வீக்கமும் அவரை வாட்டிக்கொண்டிருந்தன, முன்பு வாசித்த அளவுக்கு வாசிக்க முடியாமல் மேடையில் உட்கார அவருக்குச் சம்மதமில்லை. நாற்பத்தொரு வருடமாக டிரம்ஸுக்கு முன்னால் வந்து நிற்காதவர், அன்று வாசிப்பு முடிந்ததும் எழுந்து மேடையின் முன்பக்கம் வந்து மற்ற இருவரையும் தோளோடு அணைத்துக்கொண்டார். பார்த்த ரசிகர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வருடக் கடைசியில், மகள் ஒலிவியா பள்ளித் தோழிகளிடம் என் அப்பா ஓய்வுபெற்ற டிரம்மர் என்று அறிமுகம் செய்வதாகவும், கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உண்மைதான் என்றும் எழுதினார்.

ஒரு வருடம்தான். 2016 ஆகஸ்டில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. கிளியோபிளாஸ்டோமா மூளைப் புற்றுநோய்களில் மிகக் கொடியது, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து எல்லாம் கொடுத்தும் பெரும்பாலானோர் ஒன்றரை வருடத்தைத் தாண்டுவதில்லை. இதில் நெஞ்சைப் பிசையும் ஒரு பொருத்தம் இருக்கிறது. அதே நோய் அப்போது கனடாவின் இன்னொரு பெரிய பாடகர், டிராஜிக்கலி ஹிப் பேண்டின் கார்ட் டவுனிக்கும் இருந்தது. அவர் 2016 மே மாதம் வெளிப்படையாக அறிவித்தார், நாடு முழுக்க விடைபெறும் பயணம் போனார், ஆகஸ்ட் 20 அன்று கிங்ஸ்டனில் நடந்த கடைசி நிகழ்ச்சியை அரசுத் தொலைக்காட்சி நேரலையில் கொடுத்தது, கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், பிரதமரே அரங்கில் இருந்தார். அதே மாதத்தில்தான் பியர்ட்டுக்கு நோய் தெரிந்தது. ஒரே நாட்டுக் கலைஞர்கள், ஒரே நோய், ஒருவர் ஊரையே கூட்டி விடைபெற்றார், இன்னொருவர் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டில் எது சரி என்று பேசுவதே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது, சாகப்போகிறவர் எடுக்கும் முடிவு அது.

பியர்ட்டின் முடிவை நண்பர்கள் காப்பாற்றினார்கள். இந்தக் காலத்தில் மூன்றரை வருடம் ஒரு ரகசியம் வெளியே போகாமல் இருப்பதற்கு எத்தனை பேர் வாயைக் கட்டியிருக்க வேண்டும்! பேட்டிகளில் ரஷ் மறுபடி வாசிக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், லீயும் லைஃப்சனும் ஏதாவது சொல்லிச் சமாளித்தார்கள், அப்படி மழுப்ப வேண்டியிருந்தது தன்னை எவ்வளவு வருத்தியது என்று லீ பிறகு சொல்லியிருக்கிறார். வெள்ளி நிறத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களாகச் சேர்த்து நிறுத்தியிருந்த தன் கராஜுக்குப் பியர்ட் போய்வந்துகொண்டிருந்தார், நண்பர்கள் அங்கே வந்து பார்த்தார்கள். செய்தி வெளியானபோது, எங்களிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்ட ரசிகர்களை நான் பார்க்கவில்லை. தெரியாதவனை நண்பனாக நடிக்க மாட்டேன் என்று 1981லேயே சொன்னவர், கடைசிவரை சொன்னபடி நடந்தார் என்பதைப் புரிந்துகொண்டார்கள்.

துக்கம் விசாரிக்க விரும்புகிறவர்கள் பியர்ட் பெயரில் ஏதாவது புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்புக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ பணம் கொடுங்கள் என்று அறிக்கை கேட்டிருந்தது, நிறையப் பேர் செய்தார்கள். டிரம்மர்கள் தங்கள் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து அவர் அடிகளை வாசித்துப் பதிவிட்டார்கள், தப்பும் தவறுமாக வாசித்தவர்களும் உண்டு, எனக்கு அவைதான் அதிகம் பிடித்தன. போர்ட் டால்ஹவுசியில் அவர் சிறுவயதில் கோடை விடுமுறை வேலை பார்த்த, 1975இல் ஒரு பாட்டே எழுதிய, லேக்சைட் பார்க் பூங்காவின் மண்டபத்துக்கு 2020இல் செயின்ட் கேத்தரின்ஸ் நகராட்சி அவர் பெயரை வைத்தது.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது அந்த நாட்களில் ரசிகர்கள் பயன்படுத்திய வார்த்தைகள். மன்னனோ வள்ளலோ இறந்தால் புலவர் பாடுவதைக் கையறுநிலை என்போம், இருப்பவர் இறந்தவருக்காகப் பாடுவது அது. இங்கே பாட வார்த்தை தேடியவர்களுக்கு இறந்தவரே எழுதிவைத்திருந்தார். அவர்கள் பதிவு செய்யும் ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்த ஓர் இளைஞர் கார் விபத்தில் இறந்தபோது பியர்ட் எழுதி, 1984இல் வந்த பாட்டு ஆஃப்டர்இமேஜ். நீ தொட்டுச் சென்ற எல்லோர் வாழ்விலிருந்தும் திடீரென்று போய்விட்டாய் என்று தொடங்கும். 1998இல் செலினாவுக்கும் ஜாக்குலினுக்கும் சமர்ப்பித்து வெளியிட்ட நேரலை ஆல்பத்தில் அதே வரியைத்தான் போட்டார்கள். 2020 ஜனவரியில் அந்த வரி மூன்றாவது முறை வந்தது, இந்த முறை எழுதியவருக்கே. 2012இல் வந்த அவர்களுடைய கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டு த கார்டன், ஒரு வாழ்க்கையின் மதிப்பு அது சம்பாதித்த அன்பிலும் மரியாதையிலும் இருக்கிறது என்று சொல்லும் பாட்டு. அதையும் அந்த வாரம் முழுக்கப் போட்டுக் கேட்டார்கள், நானும் கேட்டேன், பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ரஷ் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். 2022 செப்டம்பரில் ஃபூ ஃபைட்டர்ஸ் டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸுக்காக நடந்த அஞ்சலி நிகழ்ச்சிகளில் லீயும் லைஃப்சனும் வேறு டிரம்மர்களோடு சில பாட்டுகள் வாசித்தார்கள், லாஸ் ஏஞ்சலஸில் டூல் பேண்டின் டேனி கேரி ஒய் ஒய் இசட் வாசித்தார். இன்னொரு டிரம்மருக்கு அஞ்சலி செலுத்த வந்த இடத்தில்தான் அவர்களுக்கு மறுபடி வாசிக்கலாம் என்ற தைரியம் வந்திருக்க வேண்டும். 2025 அக்டோபரில் அறிவித்தார்கள்: 2026இல் பயணம், டிரம்ஸில் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லஸ், கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு வாசித்தவர். பியர்ட்டின் மனைவி கேரியும் மகள் ஒலிவியாவும் மனமார ஆதரவு தெரிவித்தார்கள்.

பியர்ட் இல்லாமல் ரஷ்ஷா என்று கோபப்பட்ட ரசிகர்களும் உண்டு. அந்தக் கோபமும் துக்கத்தின் ஒரு முகம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மனசு மற்ற பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு அடியையும் முடிவு செய்து, எழுதிவைத்த மாதிரி விட்டுப் போயிருக்கிறார், நாதஸ்வரத்துக்குத் தவில் மாதிரி அந்தப் பாட்டுகளோடு சேர்ந்தே பிறந்த அடிகள் அவை, இன்னொருவர் கை பட்டால் கெட்டுப்போய்விடாது. பயணத்தின் முதல் நிகழ்ச்சிக்கு 2026 ஜூன் 7 என்று தேதி குறித்தார்கள், இடம் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம், பியர்ட் டிரம்ஸுக்கு முன்னால் வந்து நின்ற அதே மேடை. அறிவிப்பைப் படித்ததும் எனக்குத் தோன்றியது டாம் சாயரின் அந்தச் சில நொடிகள்தான். கிட்டார் பகுதி முடியும், டிரம்ஸ் மட்டும் உருளும், அரங்கத்தில் அத்தனை கைகளும் காற்றில் ஏறும்.